அன்புள்ள விண்ணப்பதாரருக்கு

எங்கள் தொழிலில் வேலை பார்க்கிறவர்களைவிட, அந்த வேலையைக் கேட்டு மனுப்போடுகிறவர்கள்தான் அதிகம்; நான் இரண்டாவது வகை.

என்ன தொழில் என்று சொல்லிவிடுகிறேன். கேட்டால் பதில் சொல்கிற கம்ப்யூட்டர் இப்போது எல்லார் போனிலும் வந்துவிட்டது இல்லையா? அது பொய் சொல்லாமல், ஆபத்தான யோசனை கொடுக்காமல் இருக்கிறதா, நாளைக்கு இன்னும் கெட்டிக்காரத்தனம் வந்த பிறகும் மனுஷன் பேச்சைக் கேட்டு நடக்குமா என்று சோதித்துப் பார்க்கிற வேலை. ஏஐ சேஃப்டி என்பார்கள். இந்த வேலைக்கு உலகத்தில் ஆளே போதவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதை நம்பித்தான் நானும் மனுப்போட ஆரம்பித்தேன். ஆள் போதவில்லை என்றால் வருகிற ஆளை எடுத்துக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை என்பது புரிய மூன்று வருஷம் ஆனது.

நான் திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகிற வழியில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உதவிப் பேராசிரியை. பெயர் வளர்மதி. வீட்டுக்காரர் கதிரேசன் எரியோட்டில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பில் ஒரு மகள். ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த மேஜை பெனிட்டா. அவள் அப்பா சித்தையன்கோட்டையில் தென்னை வைத்திருப்பவர். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே ஆன்லைன் வகுப்பில்தான் இந்தப் பைத்தியமும் எங்களைப் பிடித்தது. இதில் அவள் அடிக்கடி வருவாள் என்பதால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். பெனிட்டா நல்லவள். எனக்கு இருந்த பெரிய கஷ்டமே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம்.

ஆகவே, மனுப்போட்டுவிட்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை இன்பாக்ஸைத் திறந்து மூடுகிற என் சக பாவிகளே, இது உங்களுக்காக. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

காதுகுத்து

இந்த வேலைக்கு முதல் தடை, அது என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்வது. பெனிட்டா தங்கள் சர்ச்சில் சொல்லியிருக்கிறாள். ஃபாதர் பொறுமையாகக் கேட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில், 'அறிவியல் வளர்ச்சி மனிதருக்குத் தீங்கு செய்யாதபடி உழைக்க விரும்பும் நம் சகோதரி பெனிட்டாவுக்காக' என்று வாசித்துவிட்டார். ஒரு சபையே எழுந்து நின்று அவளுக்காக வேண்டிக்கொண்டது. அதை அவள் கூச்சத்தோடு என்னிடம் சொன்னபோது, நான் மதம் மாறலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

என் பக்கத்துக் கதை வேறு. நெய்க்காரப்பட்டியில் கதிரேசனின் பங்காளி வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த அண்ணன் ஒருவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். "ஏனுங்க அம்மிணி, காலேஜை விட்டுப்போட்டு வேற வேலைக்குப் போகப் போறீங்களாமா? என்ன வேலைங்க?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் பாதுகாப்புங்க அண்ணா. கொஞ்சம் வித்தியாசமான பாதுகாப்பு" என்று ஆரம்பித்து, ரசம் வருகிறவரைக்கும் விளக்கினேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாயசம் வந்தபோது முகம் தெளிந்து, பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அதுக்கு எதுக்குங்க வெளிநாட்டுக்காரன்கிட்ட மனுப்போடறீங்க? எங்க மில்லுலயே லேடீஸ் ஹாஸ்டல் கேட்டுக்கு செக்யூரிட்டி தேடிட்டு இருக்காங்க, சொல்லி வைக்கட்டுங்களா?"

அன்புள்ள

முதல் மனுவை நானும் பெனிட்டாவும் ஒரே மத்தியானத்தில், கேன்டீன் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து அனுப்பினோம். ஒரே வேலை. ஒரே படிப்பு. கட்டுரைக் கேள்விகளுக்கு என் ஆங்கிலத்தை அவள் திருத்தினாள். அவள் புரோகிராமை நான் திருத்தினேன். மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் பதில் வந்தது.

அவளுக்கு வந்த கடிதம் 'அன்புள்ள பெனிட்டா' என்று ஆரம்பித்தது. இந்தத் தடவை எடுக்க முடியவில்லை, ஆனால் உங்கள் மூன்றாவது பதில் எங்களுக்குப் பிடித்திருந்தது, அடுத்த முறை கட்டாயம் போடுங்கள் என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். எனக்கு வந்தது 'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு' என்று ஆரம்பித்து, இரண்டாவது வரியில் முடிந்துவிட்டது. வேலை கிடைக்காததில் நாங்கள் சமம்தான். ஆனாலும் அந்தப் பெயர் இருக்கிறதே, அந்த ஒரு சொல், அன்றைக்கு முழுக்க என்னைச் சாப்பிடவிடவில்லை. என் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. இன்னும் எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் உண்மையாகவே கவலைப்பட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "உனக்கும் கட்டாயம் பெர்சனலா எழுதியிருப்பாங்கடி, ஸ்பாம்ல விழுந்திருக்கும், நல்லா தேடிப் பாரு."

புதியவர்களுக்கு மட்டும்

ஒரு விளம்பரம், துறைக்குப் புதியவர்களுக்கானது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே தகுதி என்ற இடத்தில் இதே துறையில் இரண்டு வருஷ அனுபவம் கேட்டிருந்தார்கள். நான் சரியாகப் படிக்கவில்லையோ என்று மறுபடி படித்தேன். மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள்.

சந்தேகத்தைக் கேட்க ஒரு முகவரி கொடுத்திருந்தார்கள். பணிவாக எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது, அதுவும் சிரிக்கிற முகத்தோடு. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அனுபவம் இல்லையே என்று தயங்கவே வேண்டாம், இதற்கு முன் இதே மாதிரி ஒரு இடத்தில் வேலை பார்த்திருந்தாலே போதும்!"

மூச்சு வாங்கிய பெட்டி

அனுபவம் இல்லாவிட்டால் சொந்தமாக ஒரு சோதனை செய்து காட்டு என்பார்கள். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். பெனிட்டாவுக்கு எங்கோ வெளிநாட்டில் தங்கள் மெஷினை இலவசமாக ஓட்டிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் மோர்க்குழம்பு வைத்துக்கொண்டே தன் சோதனையை முடித்துவிட்டாள். அதே அனுமதிக்கு நானும் எழுதியிருந்தேன். 'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு.'

எனக்குக் கிடைத்தது, சிவில் டிபார்ட்மெண்ட்காரர்கள் படம் வரைவதற்காக வாங்கி எங்கள் லேபின் ஜன்னலோரத்தில் போட்டிருந்த ஒரு மெஷின். அதில் மூன்று நாள் ஓடினால் என் வேலை முடியும். எச்.ஓ.டி.யிடம் எழுதிக் கொடுத்து, தொடர்ச்சியாக மூன்று நாள் விடுமுறை வருகிற சமயமாகப் பார்த்து ஓடவிட்டேன். 'அணைக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். விடுமுறை முடிந்து வந்து தொட்டுப் பார்த்தால் மெஷின் ஜில்லென்று இருக்கிறது. முதல் நாள் சாயங்காலத்தோடு எல்லாம் நின்று போயிருந்தது. லேப் அசிஸ்டெண்ட் பாண்டியண்ணன் தங்கமான மனுஷன், ஒரு மவுஸ் தொலைந்தாலும் தூக்கம் வராது அவருக்கு. அவரைக் கேட்டேன். நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னார்: "மானிட்டர்ல அணைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு மேடம், அதை நான் தொடவே இல்ல, கீழ அந்தப் பெட்டிதான் அனலா கொதிச்சு மூச்சு வாங்கிட்டுக் கெடந்துச்சு, பாவமேன்னு அதை மட்டும் அணைச்சுவிட்டேன்."

வெள்ளிக்கிழமை மதியம்

ஒரே ஒரு தடவை எனக்கு நேர்முகத் தேர்வுவரை வந்தது. லண்டனில் இருக்கிற ஒரு குழு. அவர்களுக்கு மத்தியானம், நமக்குச் சாயங்காலம். எங்கள் வீட்டில் சிக்னல் போய்ப்போய் வரும் என்பதால் எரியோட்டுக் கடையின் பின்னால் இருக்கிற குடோனில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் யூரியா மூட்டை தெரியாமல் இருக்க ஒரு பெட்ஷீட்டைக் கட்டினோம். கடைக்கு வருகிறவர்கள் சத்தம் போடாமல் இருக்க வாசலில் கதிரேசனே காவல் நின்றார். கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். இரண்டு பேரும் முகம் மலர்ந்து குறிப்பு எடுத்தார்கள்.

கடைசியில், "இந்தத் துறையில் உங்களை யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஆளைச் சொன்னேன். "ஓ, பெனிட்டா! எங்களுக்கு நன்றாகத் தெரியுமே, அருமையான பெண்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு என் பேட்டியில் ஐந்து நிமிஷம் பெனிட்டாவைப் பற்றிப் போனது. ஆட்கள் பொதுவாக எப்படி உள்ளே வருகிறார்கள் என்று நான் கேட்டேன். அதில் மூத்தவர், உண்மையான அக்கறையோடு, திண்டுக்கல் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஆபீசில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம், நீங்களும் சும்மா அப்படியே வந்து உட்காருங்களேன், எங்களில் பாதிப்பேர் அப்படித்தான் உள்ளே வந்தோம்."

துணிப்பை

நாலு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இப்படிப் புரிந்த பிறகு, பெங்களூரில் இந்தத் துறைக்காரர்கள் இரண்டு நாள் கூடுகிறார்கள் என்ற செய்தி வந்தது. நானும் பெனிட்டாவும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட் போட்டோம். கிளம்புவதற்கு முந்தின நாள் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை சொருகிவிட்டு நான் உள்ளே உட்கார்ந்தேன். பெனிட்டா போகமாட்டேன் என்றுதான் சொன்னாள். போ, போ என்று நான்தான் அனுப்பினேன். அவள் அங்கிருந்து அனுப்பிய ஒவ்வொரு போட்டோவையும் பெரிதாக்கி, யார் பக்கத்தில் நிற்கிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே மகளுக்கு இளநீர் கொடுத்தேன்.

திரும்பி வந்தவள் கையில் ஒரு துணிப்பை. வெள்ளைப் பை, மேலே அந்தக் கூட்டத்தின் சின்னம். ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்தார்களாம். எனக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கி வந்திருந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பாவை அந்தப் பையில்தான் கொண்டுவருவாள். எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் சும்மா கொடுக்கிற பையைவிட மெல்லிய துணி. ஆனால் அது ஆணியில் தொங்குகிறபோது என் கண் வேறெங்கும் போகாது. ஒரு நாள் அசைன்மெண்ட் வைக்க வந்த மாணவி பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பெனிட்டா மேடத்துக்கு மட்டும்தான் பை குடுத்தாங்களா மேடம், நீங்க அந்த டீம்ல இல்லையா?"

எத்தனை மூடி

ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் சாப்பிடப் போகிற நேரம் நான் கடையில் உட்காருவேன். அப்படி ஒரு நாள், பெருமாள் என்கிற விவசாயி வந்து ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி நாலு பாட்டில் கேட்டார். முக்கால் ஏக்கர் தக்காளிக்கு நாலு பாட்டிலா என்று எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "யாருண்ணே சொன்னது?" என்றேன். போனை எடுத்துக் காட்டினார். பேசினால் பதில் சொல்கிற அந்த ஆப்பில், "தக்காளில புழு விழுந்துபோச்சு, இந்த மருந்தை டேங்குக்கு எத்தன மூடி ஊத்தணும்?" என்று கேட்டிருக்கிறார். மருந்து பாட்டில் மூடியால் அளந்து, முதுகில் மாட்டுகிற டேங்கில் கலப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஆப்புக்கு மூடியும் புரியவில்லை, டேங்கும் புரியவில்லை. பத்துப் பன்னிரண்டு டேங்கில் பிரித்து ஒரு ஏக்கருக்கு அடிக்க வேண்டியதை ஒரே டேங்கில் கலக்கச் சொல்லியிருந்தது. கதிரேசனுக்குப் போன் போட்டேன். கைகூடக் கழுவாமல் ஓடி வந்து பெருமாளை உட்காரவைத்து விளக்கினார். அப்படி அடித்திருந்தால் செடி கருகியிருக்கும், அடித்தவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

அன்றைக்கே நான் உட்கார்ந்து அதே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுப் பார்த்தேன். புத்தகத் தமிழில் கேட்டால் அழகாக எச்சரிக்கை சொல்லி, வேளாண் அலுவலரைப் பார்க்கச் சொன்னது. எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டால் எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று அளவைச் சொன்னது, அதுவும் தப்பாக. மனசு வெறுத்துப்போன ஒருவர் பூச்சிமருந்தைப் பற்றி இதே பேச்சில் வேறு கேள்வியும் கேட்கலாம். கடை வைத்திருக்கிற எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதையும் கேட்டுப் பார்த்தேன். வந்த பதிலைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த ஆராய்ச்சி, என் வீட்டுக் கடை கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தது. மறுவாரம் பெருமாளிடம், இனிமேல் அதைக் கேட்காதீர்கள், தப்பாகச் சொல்கிறது என்றேன். அவர் என்னையே குற்றம் சொல்வது போலப் பார்த்தார்: "தப்பாச் சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தாயி தெரியும், உங்க வீட்டுக்காரரு என்கிட்ட பேசுறதைவிட அது அம்புட்டு மரியாதையால்ல பேசுது?"

முக்கியமான மொழி

அதை ஒரு கட்டுரையாக எழுதினேன். கடைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டுக் கேட்டு வாக்கியங்களைச் சேர்த்தேன். ஆப் கம்பெனிக்கும் தெரிவிக்கலாம் என்று அவர்களுடைய புகார்ப் படிவத்தைத் திறந்தால், மொழி என்ற பட்டியலில் தமிழ் இல்லை. 'மற்றவை' என்று போட்டு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று தானாக ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன். பெனிட்டாவும் அதே மாநாட்டுக்கு வேறொன்று அனுப்பியிருந்தாள். ஒரு வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் முடிவு வந்தது. அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். அவள் பால்கோவா வாங்கி வந்து ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கொடுத்தாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன், வாய் அடைத்திருந்தால் பேச வேண்டியதில்லையே. என் கட்டுரையைப் படித்த பெயர் தெரியாத ஒருவர், முயற்சி பாராட்டத்தக்கது என்று தொடங்கி இப்படி முடித்திருந்தார்: "ஆசிரியர் இதே சோதனையை ஏதாவது ஒரு முக்கியமான மொழியில் செய்து பார்த்தால் பயனுள்ளதாக இருக்கும்."

பத்து நாள்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். என்னைப் பேட்டி எடுத்த அந்த லண்டன் குழுவிலேயே ஒரு வருஷப் பயிற்சிக்கு நாங்கள் இருவரும் போட்டிருந்தோம். நான் முதல் சுற்றிலேயே போய்விட்டேன். பெனிட்டா கடைசிச் சுற்றில் இருந்தாள். கூட வேலை பார்க்கிற ஒருவர் அவளைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். "வளரு, என் வேலையை முழுசாப் பார்த்தவ நீ ஒருத்திதான், நீதான் எழுதணும்" என்றாள். சரி என்றேன். எழுதுவதற்கான இணைப்பு என் மெயிலுக்கு வந்தது. பத்து நாள் அவகாசம்.

முதல் நாள், நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. நான்காம் நாளில் ஒரு வகுப்பு முழுவதற்கும் ரெக்கார்டு நோட்டுத் திருத்தி முடித்தேன். ஆறாம் நாள் வீட்டில் இருந்த டப்பா எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்தேன். பெனிட்டா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எட்டாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். நேரத்துக்கு வருவாள், எல்லாரிடமும் நன்றாகப் பழகுவாள், மாணவர்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு பக்கம். அதைப் படித்து யாரும் குறை சொல்ல முடியாது, யாரும் வேலையும் கொடுக்க முடியாது. எனக்குத் தெரிந்துதான் அப்படி எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் கதிரேசன் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மருந்து பாட்டிலில் இருக்கிற ஆங்கிலம்தான். இரண்டு முறை படித்துவிட்டு, "இது பெனிட்டா டீச்சரைப் பத்தி எழுதின மாதிரியே இல்லையே வளரு. போன வருஷம் கடைய விட்டுப் போன பையனுக்கு நான் எழுதிக் குடுத்த மாதிரில்ல இருக்கு?" என்றார். நான் லேப்டாப்பை மூடினேன்.

பத்தாம் நாள் காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மாநாட்டில் எடுத்துக்கொண்ட தன் கட்டுரையில் ஒரு கணக்குத் தப்பு இருப்பதை அவளேதான் கண்டுபிடித்தாள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் அன்று சாயங்காலமே மாநாட்டுக்காரர்களுக்கு எழுதி, தப்பு என்னுடையது, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் சரி என்றாள். அதை நான் பக்கத்து மேஜையில் இருந்து பார்த்தேன். பாதுகாப்பு வேலைக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று எழுதி, மத்தியானம் அனுப்பினேன். அவளுக்குத்தான் அந்த இடம் கிடைத்தது. கிடைத்த அன்று காலேஜ் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நாள் இழுத்தடித்ததைச் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "தெரியும்டி, கடைசி நாள்தான் வந்து சேர்ந்துச்சுன்னு அவங்களே சொன்னாங்க, உன் இடத்துல நான் இருந்திருந்தா அனுப்பியிருக்கவே மாட்டேன்."

வழியனுப்பு

பெனிட்டாவுக்குக் கல்லூரியில் வழியனுப்பு விழா. செமினார் ஹாலில் பேனர், சால்வை, ஒரு சில்வர் குத்துவிளக்கு. அதைச் சர்ச்சுக்காரி எங்கே வைப்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை. பாராட்டுரை வாசிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வாசித்தேன். குரல் ஒரு இடத்தில் அடைத்தது. தோழி பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்துக் கைதட்டினார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

முதல்வர் பேசும்போது, நம் கல்லூரியின் ஆராய்ச்சிச் சூழல் உலகத்துக்கே தெரிந்துவிட்டது என்றார். பாண்டியண்ணன் கடைசி வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டினார். விழா முடிந்து இறங்கும்போது எச்.ஓ.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வாய்ப்பு உங்களுக்குத்தான் என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று நின்றேன். பையில் இருந்து டைம்டேபிளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பெனிட்டா போறது டிபார்ட்மெண்டுக்கு ஒரு இழப்பே இல்லம்மா, அவங்க ரெண்டு பேப்பரையும் நீங்களே எடுத்துருவீங்கல்ல?"

அடுத்த மேஜை

ஐந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பெனிட்டா வீடியோ காலில் வந்தாள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் பத்துப் பேர் ஏதோ சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பெரிய மொழிகள் தவிர மற்ற மொழிகளில் இந்த ஆப்புகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அவர்கள் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. யாரிடமும் சனங்கள் உண்மையில் பேசுகிற பேச்சு இல்லை. வெளியே தள்ளப்பட்ட என் கட்டுரையை அவள் எடுத்துக் காட்டியிருக்கிறாள். 'இது நான் செய்ததில்லை, எரியோட்டில் ஒரு மருந்துக் கடையில் வளர்மதி செய்தது' என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். ஆறு மாதத்துக்கு, பகுதிநேரமாக, ஊரில் இருந்தே அந்த வாக்கியங்களைச் சேர்த்துச் சோதித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். சந்தோஷம் வந்தது. கூடவே, அதை அவள் தட்டில் இருந்து எடுத்து என் இலையில் வைக்கிறாளே என்ற எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை இந்தத் துறையில்தான் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியில் தடையில்லாச் சான்றிதழ் வாங்க ஒரு மாதம் அலைந்து, வேலையை ஆரம்பித்துவிட்டேன். பெனிட்டா இருந்த மேஜையில் இப்போது ரம்யா என்ற புதுப் பெண் உட்கார்கிறாள். அவளும் இந்த வேலைக்கு மூன்று இடத்தில் மனுப்போட்டு மூன்றிலும் திரும்பி வந்தவள். எப்படி மேடம் உங்களுக்குக் கிடைத்தது என்று ஒரு நாள் கேட்டாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று வருஷம் படித்தது, தக்காளிக்கு நாலு பாட்டில் கேட்டவர், திரும்பி வந்த கட்டுரை, எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னேன். எல்லாம் உழைப்பில் வந்தது என்று சொல்லி முடிக்கும்போது என் குரலில் எனக்கே ஒரு திருப்தி. ரம்யா கன்னத்தில் கை வைத்து முழுவதையும் மரியாதையாகக் கேட்டாள். பிறகு தன் லேப்டாப்புக்குத் திரும்பிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "உங்களுக்கென்ன மேடம், உள்ள ஆளு இருக்காங்க."

மூன்று வருஷம் அடுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டே காலம் ஓட்டிய எனக்கு, வந்த ஒப்பந்தக் கடிதத்தைவிட ரம்யாவின் அந்த ஒரு வரிதான் நான் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்பதற்கு நம்பகமான அத்தாட்சியாக இருந்தது.